பத்து நாளுக்கு ஒரு பிணைக் கையெழுத்து

கடிதம் உண்மையானதா என்பதைத்தான் முதலில் பார்த்தேன். தங்கையின் மகள் அதை என் கையில் தந்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் தாளை ஜன்னல் பக்கம் பிடித்து, அனுப்பியவரின் விலாசத்தையும் கையெழுத்துக்குக் கீழிருந்த பதவியையும் வாசித்து, கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தேன்.

"பெரியம்மா, உது பொய்க் கடிதம் இல்லை," என்றாள்.

"பொய்யெண்டு நான் சொன்னனானே?"

"சொல்லேல்லை. வெளிச்சத்திலை பிடிச்சுப் பாத்தனீங்கள்."

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான ஒரு கல்விப் பரிமாற்றத் திட்டம், வரலாறு படிக்கும் உயர்தர வகுப்பு மாணவிகளிடம் ஆங்கிலத்தில் கட்டுரை கேட்டிருந்தது. வடக்கிலிருந்து ஆறு பேரைத் தெரிந்தெடுத்து, ஆகஸ்ட் விடுமுறையில் பத்து நாட்கள் அமெரிக்காவின் வரலாற்று இடங்களைக் காட்டப் போகிறார்கள். வாஷிங்டனில் நினைவு மண்டபங்கள், வேர்ஜினியாவில் ஒரு பழைய தோட்ட மாளிகை, பிலடெல்பியாவில் சுதந்திரப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்ட மண்டபம். எங்கள் பிள்ளையின் பாடசாலையில் வரலாறு படிப்பிக்கும் ஆசிரியை கூடப் போவார். ஆறு பேரில் ஒருத்தி, குருநகரில் கடலுக்குப் போகிற ஒருவரின் மகள், எங்கள் பிள்ளை.

யாழ்ப்பாணத்து நாளிதழ் ஒன்றில் இருபத்தெட்டு வருடங்கள் செய்தி திருத்தும் மேசையில் இருந்தவள் நான். வெளிநாட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லி ஏமாற்றியவர்களைப் பற்றிய செய்தி அந்த மேசைக்கு ஓயாமல் வரும். ஊர் மாறும், பெயர் மாறும், முதல் பந்தி மாறாது. ஆகவே கடிதத்திலிருந்த தொலைபேசி எண்ணுக்கு நான் அழைப்பு எடுக்கவில்லை. கடிதம் போலியென்றால் எண்ணும் போலியாகத்தான் இருக்கும். வேறு வழியில் அந்தத் திட்டத்தின் கொழும்பு அலுவலக எண்ணைத் தேடி எடுத்து, இப்படி ஒரு திட்டம் உண்டா, இந்தப் பெயரில் ஒரு மாணவி தெரிவாகியிருக்கிறாளா என்று கேட்டேன். உண்டு என்றார்கள். தெரிவாகியிருக்கிறாள் என்றார்கள். அடுத்த நாள் இன்னொரு முறை எடுத்து, வேறு ஒருவர் பேசியபோது அதே கேள்விகளைக் கேட்டேன். பதில் மாறவில்லை. அதன் பிறகுதான் பிள்ளைக்குக் கைகொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்து ஆசிரியை என் வீட்டுக்கு வந்தார். நாற்பதைத் தாண்டியவர், குரலை உயர்த்தாதவர், ஸ்கூட்டியை நிறுத்தினால் மூன்று முறை பூட்டை இழுத்துப் பார்ப்பவர். அந்தப் பழக்கம் எனக்குப் பிடித்திருந்தது. பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார்.

"அக்கா, தாய் தேப்பனை விட வேறை ஒராள் பிணை நிக்கவேணும். பென்சன் எடுக்கிற ஆளெண்டால் நல்லது. பத்து நாளிலை பிள்ளை திரும்பி வருவாள் எண்டு."

"வராட்டி?"

"உங்களை ஒண்டும் செய்யமாட்டினம். ஆனால் ஒரு பிள்ளை அங்கை நிண்டிட்டா, வாற வருசம் இஞ்சையிருந்து ஒருத்தரையும் எடுக்கமாட்டினம். எழுத்திலை தரமாட்டினம். ஆனால் எடுக்கமாட்டினம்."

அவர் சொன்னது மிரட்டல் இல்லை. எங்களைப் பற்றி உலகம் முழுக்க இருக்கும் ஒரு சந்தேகத்தை அவர் நேராகச் சொன்னார். யாழ்ப்பாணத்து ஆள் விமானம் ஏறினால் திரும்புவதற்காக ஏறமாட்டான் என்பது விசா கொடுப்பவருக்குத் தெரியும், விமான நிலையத்தில் முத்திரை குத்துபவருக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். என் வகுப்பில் படித்த பதினேழு பேரில் இங்கே இருப்பது நாங்கள் நாலு பேர். படிவத்தை இரண்டு முறை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். "மேற்படி மாணவி குறித்த திகதியில் நாடு திரும்புவாள் என உறுதியளிக்கிறேன்" என்று அதில் இருந்தது. ஒருவர் இன்னொருவர் சார்பில் எதிர்காலத்தில் உறுதியளிக்கும் வசனம் செய்தியாக வந்திருந்தால் நான் வெட்டியிருப்பேன்.

தங்கை விஷயத்தை ஒருவருக்கும் சொல்லவில்லை. அதில் ஆச்சரியமில்லை. எங்கள் பக்கத்தில் வெளிநாட்டுப் பயணத்தை விமானம் ஏறும்வரை வெளியே விடமாட்டார்கள். கண்படும், யாராவது மொட்டைக் கடிதம் போடுவார்கள், விசா மறுத்துவிட்டால் முகத்தில் முழிக்க முடியாது. மகள் ஆங்கில வகுப்புக்காகக் கொழும்பு போகிறாள் என்று ஒழுங்கைச் சனத்துக்குச் சொல்லிவைத்தாள். ஆனால் குருநகரில் ஒரு புதுச் சூட்கேசை வீட்டுக்குள் கொண்டுபோவது சின்ன வேலை இல்லை. கரையில் மீன் விற்கும் ஒரு அம்மா என்னை மறித்துக் கேட்டா.

"கொழும்பிலை இங்கிலீசு படிக்க உல்லன் கோட்டு எதுக்கு மோனை?"

"என்ன கோட்டு?"

"உன்ரை தங்கச்சி கஸ்தூரியார் வீதியிலை கோட்டு வாங்கினவள். தடிச்ச கோட்டு. கொழும்பிலை பனி கொட்டுதோ?"

பக்கத்தில் சூடை மீனை அள்ளிக்கொண்டிருந்தவள் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு வந்தேன். வழியில் சிரிப்பு நின்றுவிட்டது. ஆகஸ்டில் பிலடெல்பியாவில் எங்களைப் போலவே வேர்க்கும். அதை நான் தேடிப் பார்த்திருந்தேன், பிள்ளையிடமும் சொல்லியிருந்தேன். பத்து நாளைக்கு வெயில் காலத்தில் போகிற பிள்ளைக்குத் தடித்த கோட்டு ஏன்? மார்கழியிலும் அங்கே இருக்கப் போகிறவளுக்குத்தான் கோட்டு வேண்டும்.

தங்கையிடம் கேட்டேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னாள்.

"வெளிநாடெண்டா குளிர்தானே அக்கா."

"நான் பிள்ளையிட்டைச் சொன்னனான், வெக்கையெண்டு."

"பிளேனுக்கை குளிருமாம்."

அதற்கு மேல் கேட்க முடியவில்லை. பிளேனுக்குள் குளிரும் என்பதும் உண்மைதான்.

விசா கிடைத்தது. புறப்படும் நாள் மத்தியானம் வான் கொழும்புக்குப் போவதாக இருந்தது. காலை பத்து மணிக்கு ஆசிரியை என்னைத் தொலைபேசியில் அழைத்து, உடனே பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னார். காரணம் சொல்லவில்லை.

நூலகத்தின் பின் அறையில் ஆறு சூட்கேசுகள் வரிசையாக இருந்தன. ஒன்றிலும் கூடுதல் நிறை இருக்கக்கூடாது என்று ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எங்கள் பிள்ளையின் சூட்கேஸ் திறந்திருந்தது. மேசையில் ஒரு பிளாஸ்டிக் பைல். தங்கை சுவரோடு நின்றாள், மகள் கதிரையில் இருந்தாள். இருவரும் என்னைப் பார்க்கவில்லை.

"பாருங்கோ அக்கா," என்றார் ஆசிரியை.

பார்த்தேன். பிறப்புச் சான்றிதழ், மூலப்பிரதி. ஞானஸ்நானச் சான்றிதழ். சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு. தடுப்பூசி அட்டை. கிராம அலுவலரின் வதிவிடச் சான்று. தாய் தகப்பனின் விவாகப் பதிவு. முகாமில் இருந்த காலத்துக் குடும்ப அட்டை, ஓரம் கரைந்தது. வீட்டுக் காணி உறுதிப் பத்திரத்தின் பிரதி. குடும்பப் படம் இரண்டு.

"பத்து நாள் மண்டபம் பாக்கப் போற பிள்ளைக்கு உவ்வளவும் ஏன்?" என்று ஆசிரியை கேட்டார். "அங்கை இறங்கினவுடனை பெட்டியைத் திறந்து பாத்தாங்களெண்டால் என்ன நினைப்பாங்கள்? நான் என்ன நினைக்கிறது?"

தங்கை சுவரை விட்டு முன்னால் வந்தாள். "பைல் இல்லாமல் பிள்ளையை எப்பிடி ரீச்சர் வெளியிலை அனுப்புறது?"

"விவாகப் பதிவு எதுக்கு?"

"எல்லாம் ஒண்டாத்தானே இருக்கு. பிரிச்சா துலைஞ்சிடும்."

எங்கள் வீடுகளில் பைல் என்றால் இந்த ஒன்றுதான். இடம்பெயர்ந்த காலத்தில் பிள்ளைகளைக் கையில் பிடிப்போம், பைலைக் கக்கத்தில் வைப்போம், மற்றதெல்லாம் பிறகுதான். அதைத் தவறவிட்டவர்கள் தாங்கள் பிறந்தது உண்மை என்று காட்டுவதற்குக் கச்சேரிக்கு, அரசாங்க அதிபரின் அலுவலகத்துக்கு, வருடக்கணக்காக நடந்தார்கள். தங்கை ஒருமுறை தவறவிட்டவள். அதன் பின் அவள் மந்திகை ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பைல் போகும், மடுமாதா கோயிலுக்குப் போனாலும் போகும். அவளை மட்டும் ஏன் சொல்லவேண்டும். எனக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை செய்தபோது நானும் என் பைலைக் கொண்டுபோனேன். இறந்துபோன எங்கள் அப்பாவின் பிறப்புச் சான்றிதழ் அதற்குள் இருந்தது. தாதி கிளினிக் கொப்பியை மட்டும் வாங்கிக்கொண்டு, மற்றதை ஏன் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டாள்.

ஆகவே தங்கை சொன்னதை நான் நம்பியிருக்கலாம். ஆனால் அடைக்கலம் கேட்கப் போகிறவள் எதையெல்லாம் கொண்டுபோவாளோ அதெல்லாம் அந்த மேசையில் இருந்தது. ஒரு பழக்கமும் ஒரு திட்டமும் ஒரே பொருட்களால் ஆனவையாக இருந்தால் எதை வைத்துப் பிரிப்பது? அந்தத் தடித்த கோட்டையும் நினைத்துப் பார்த்தேன்.

ஆசிரியை என்னை வெளியே கூப்பிட்டார். "ஏழாவதா ஒரு பிள்ளை விசாவோடை நிக்கிறாள். உரும்பிராய்ப் பிள்ளை. இந்த ஆறிலை ஒராள் இஞ்சை நிண்டால் அவளை ஏத்தலாம். பிணை நிண்டது நீங்கள். நீங்கள் சொல்லுங்கோ. இவளை ஏத்தவோ, விடவோ?"

"உங்களுக்கு என்ன படுது?"

"எனக்குப் படுறதைச் சொன்னால் ஆறு பேரையும் ஏத்தமாட்டன்," என்றார்.

உள்ளே போய்ப் பிள்ளையிடம் கேட்டேன். பைல் இருப்பது உனக்குத் தெரியுமா? தெரியும். ஏன் என்று கேட்டாயா? "அம்மா எப்பவும் வைக்கிறதுதானே." அவள் குரலில் நான் தேடிய எதுவும் இல்லை. நான் தேடாத ஏதாவது இருந்ததா என்று இன்றும் தெரியாது.

பைலை நான் வாங்கிக்கொண்டேன். ஏற்றுங்கள் என்றேன். நம்பியதால் அப்படிச் சொன்னேன் என்று எழுதினால் பொய். இல்லை என்று சொல்லி, பிறகு தங்கை உண்மைதான் பேசினாள் என்று தெரியவந்தால் அவள் முகத்தில் எப்படி முழிப்பது என்று பயந்தேன். அவ்வளவுதான்.

பயணத்தை வட்சப்பில் பார்த்தோம். ஆசிரியை ஒரு குழு திறந்து நாளுக்கு ஒரு படமாவது போட்டார். எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பிந்திய நேரம் அங்கே. அங்கே சாயங்காலம் எடுத்த படத்தை நாங்கள் விடியப் பார்ப்போம்.

மூன்றாம் நாள் காலை ஒரு படம் வந்தது. வாஷிங்டன். பெரிய தூண்கள், உள்ளே கதிரையில் அமர்ந்த ஒரு ஜனாதிபதியின் வெள்ளைக் கற்சிலை, அதன் முன் படிக்கட்டில் பிள்ளைகள். எண்ணினேன். ஐந்து. ஆசிரியையோடு ஆறு தலை. படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எங்கள் பிள்ளை இல்லை.

ஆசிரியைக்கு எடுத்தேன், பதில் இல்லை. பிள்ளைக்கு எடுத்தேன், பதில் இல்லை. அங்கே அப்போது எல்லோரும் படுத்திருப்பார்கள் என்று மனதுக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. ஆட்டோ பிடித்துக் குருநகருக்குப் போனேன். தங்கை முற்றத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"உன்ரை மோள் எங்கை?"

அவள் கையைச் சட்டையில் துடைத்துவிட்டுப் பார்த்தாள். நிறம் மாறியது. பிறகு சொன்னாள்.

"அவர் பிலடெல்பியாவுக்கெல்லோ வாறனெண்டவர்."

"ஆர்?"

"சித்தப்பா."

பிள்ளையின் தகப்பனுடைய தம்பி ரொறன்ரோவில் இருக்கிறார். பத்தொன்பது வயதில் போனவர். பிறகு ஒருமுறையும் வரவில்லை. தாயின் செத்தவீட்டைப் போனில் பார்த்தவர். இரவிரவாக எட்டு ஒன்பது மணித்தியாலம் கார் ஓடிச் சனிக்கிழமை காலை பிலடெல்பியாவுக்கு வந்து பிள்ளையைப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். இது தங்கைக்கு ஒரு மாதமாகத் தெரியும். எனக்குத் தெரியாது. ஆசிரியைக்குத் தெரியாது.

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் விடமாட்டினம் எண்டு."

"பாக்க மட்டுமோ வாறார்?"

"வேறை என்னத்துக்கு வாறது? அவரின்ரை அண்ணையின்ரை பிள்ளை."

"கோட்டு வாங்கச் சொன்னது ஆர்?"

அவள் பாத்திரத்தை எடுத்து மறுபடி கழுவத் தொடங்கினாள். அது கழுவி முடித்த பாத்திரம்.

பின்னேரம் அங்கே விடிந்தது. பிள்ளை எடுத்தாள். படத்தில் ஏன் நீ இல்லை என்று கத்தாத குறையாகக் கேட்டேன்.

"நான்தானே பெரியம்மா எடுத்தனான்," என்றாள்.

இருபத்தெட்டு வருடங்கள் படங்களுக்குக் கீழே பெயர் எழுதியவள் நான். எடுத்தவர் படத்தில் இருக்கமாட்டார் என்பது எனக்குத் தோன்றவில்லை. பிழையான சந்தேகம் ஒன்றைக் கொண்டுபோய்ச் சரியான சந்தேகம் ஒன்றோடு திரும்பி வந்திருந்தேன்.

நான் தங்கையிடம் சொல்லாமல் ஆசிரியைக்கு எழுதினேன். பிள்ளையின் சித்தப்பா சனிக்கிழமை வருகிறார், உங்களிடம் அனுமதி கேட்கவில்லை, கவனமாக இருங்கள். அவரிடமிருந்து ஒரு சொல்தான் வந்தது. "சரி."

இடையில் பிள்ளை எனக்குத் தனியாக ஒரு படம் அனுப்பினாள். வேர்ஜினியாவில் அந்தத் தோட்ட மாளிகைக்குப் பக்கத்தில் இருந்த காட்சிச்சாலையில் எடுத்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் மடிப்பு விழுந்த ஒரு தாள். அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட ஒரு பெண்ணுக்குக் கொடுத்த சான்றிதழ். அவளுடைய உயரம், நிறம், இடது கையில் ஒரு தழும்பு, எல்லாம் அதில் எழுதியிருந்ததாம். அந்தத் தாள் கையில் இல்லாமல் வெளியே போனால் யாரும் பிடித்து மறுபடி அடிமையாக்கலாமாம். கீழே பிள்ளை எழுதியிருந்தாள்: "இவையும் பைலோடைதான் திரிஞ்சிருக்கினம். அம்மாட்டைக் காட்டுங்கோ."

காட்டினேன். தங்கை கனநேரம் பார்த்தாள். "மனிசி எங்கை வைச்சுக்கொண்டு திரிஞ்சிருப்பாள்?" என்று கேட்டாள். "மழைக்குக் கரைஞ்சிருக்குமே." என்னோடு அவள் மூன்று நாளைக்குப் பிறகு பேசிய பேச்சு அது. பிள்ளை அந்தப் படத்தை எனக்கு ஏன் அனுப்பினாள் என்றும் யோசித்தேன். பைலைப் பறித்துக்கொண்டவள் நான். தாய்க்கு நேரே அனுப்பியிருக்கலாம்.

சனிக்கிழமை பின்னேரம் ஐந்தரைக்கு, கோயில் மணி அடிக்கும் நேரத்தில், நான் ஆசிரியைக்கு எடுத்தேன். அங்கே காலை எட்டு மணி. உடனே எடுத்தார். குரல் தணிந்திருந்தது.

"வந்திருக்கிறார் அக்கா. விடுதியிலை கீழை, சாப்பிடுற இடத்திலை. பத்து நிமிசம் எண்டு சொல்லியிருக்கிறன். நான் பக்கத்திலைதான் நிக்கிறன்."

"என்ன கதைக்கிறார்?"

"வீட்டைப் பற்றித்தான். நான் வைக்கிறன்."

அவ்வளவுதான் அந்த அழைப்பு. அன்றைய படம் அடுத்த நாள் வந்தது. விரிசல் விழுந்த பெரிய மணி, அதைச் சுற்றிப் பிள்ளைகள். எண்ணினேன். ஆறு.

என்ன நடந்தது என்பதைப் பற்றி முதலில் எனக்கு இரண்டு வகையான செய்தி கிடைத்தது. ஆசிரியை சொன்னது: மனிதர் மரியாதையாக நடந்தார், ஒரு பெட்டியில் புட்டும் கணவாய்க் கறியும் கொண்டுவந்தார், பிள்ளையை வெளியே சாப்பிடக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டார், முடியாது என்றதும் தலையாட்டினார். சித்தப்பா தங்கையிடம் போனில் சொன்னது: "பொலிஸ்காரி மாதிரி நிண்டவ. பிள்ளையின்ரை தலையிலை கை வைக்கக்கூட ஒருக்கா அவவைப் பாக்கவேண்டிக் கிடந்தது." தங்கையின் புருஷன் மட்டும் வலையிலிருந்து கையை எடுக்காமல், "அவன் மெலிஞ்சு போனானாமோ?" என்று கேட்டார். ஒருவரும் அதைக் கேட்டு வைத்திருக்கவில்லை.

குறித்த திகதியில் பிள்ளை வந்து இறங்கினாள். ஒழுங்கைக்கு விஷயம் அதற்குள் தெரிந்துவிட்டது. ஆனால் நான் நினைத்த மாதிரி ஒருவரும் சந்தோஷப்படவில்லை. கரையில் அதே மீன் விற்கும் அம்மா என்னை மறுபடி மறித்தா.

"பிடிச்சு அனுப்பிப்போட்டாங்களாம் எல்லே?"

"ஒருத்தரும் பிடிக்கேல்லை. படிக்கப் போனவள், முடிஞ்சுது, வந்திட்டாள்."

"ஓம் ஓம்," என்றா. "நான் ஆருக்குச் சொல்லப்போறன்?"

பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் கதையாம். அமெரிக்காவரை போன பிள்ளை திரும்பி வந்ததற்கு யாராவது ஒரு காரணம் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கள்ள விசா என்றது ஒரு வீடு. என்னவோ வருத்தமாம் என்றது இன்னொன்று. வந்திருக்கிறாளே என்பதே பெரிய சந்தேகமாகிவிட்டது.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து பிள்ளை என் வீட்டுக்கு வந்தாள். மணி, மண்டபம், அடிமைகள் இருந்த கொட்டில், அங்கே சுவரில் எழுதி வைத்திருக்கும் பெயர்கள், எல்லாம் சொன்னாள். பிலடெல்பியாவுக்கு வந்ததும் நிறுத்தினாள்.

"ரீச்சருக்கு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"ஓம்."

"நினைச்சனான்." கோபமாகச் சொல்லவில்லை. "அவர் கேட்டவர், பெரியம்மா."

"என்ன கேட்டவர்?"

"'என்ன மாதிரி பிள்ளை, நிக்கிறியோ?' எண்டு. முதல் எல்லாம் வீட்டுக் கதை. கிணறு இருக்கோ, பின்னுக்கு இருந்த முருங்கை நிக்குதோ எண்டு. ரீச்சர் பக்கத்திலை நிண்டவ. பிறகு அவவுக்கு ஒரு கோல் வந்தது. அவ அங்காலை திரும்பினவ. அப்பதான் கேட்டவர்."

அந்த அழைப்பு என்னுடையது. நான் அதை அவளுக்குச் சொல்லவில்லை.

"நீ என்ன சொன்னனீ?"

"ஒண்டும் சொல்லேல்லை. யோசிச்சன். காரை யன்னலாலை காட்டினவர், முன்னுக்குத்தான் நிண்டது. ரீச்சர் போனை வைச்சிட்டுத் திரும்பீட்டா. அவர் புட்டுப் பெட்டியை என்ரை பக்கம் தள்ளினவர்."

"அவ திரும்பாட்டி?"

பிள்ளை சட்டையின் கைவிளிம்பை மடித்து, விரித்து, மறுபடி மடித்தாள். "தெரியாது பெரியம்மா," என்றாள். "அம்மாட்டைச் சொல்லாதேங்கோ. ரீச்சரிட்டையும் சொல்லாதேங்கோ."

அம்மாவுக்கு அது ஏற்கெனவே தெரியுமா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. கேட்டு ஆம் என்று பதில் வந்தால் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

புரட்டாதி மாதம் ஆசிரியை ஒரு நீள உறையோடு வந்தார். பிணை நின்றவர்கள் நிரப்ப வேண்டிய படிவம். வருகிற வருடமும் வடக்கிலிருந்து பிள்ளைகளை எடுப்பதா என்று இவற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்களாம். உரும்பிராய்ப் பிள்ளையின் பெயர் பட்டியலில் முதலாவதாக இருக்கிறது என்றார்.

மூன்று கேள்விகள். மாணவி குறித்த திகதியில் நாடு திரும்பினாளா? ஆம். பயணத்தின்போது உறவினர் எவரையும் சந்தித்தாளா? ஆம், ஆசிரியையின் முன்னிலையில், பத்து நிமிடம் என்று எழுதினேன். அங்கே தங்கிவிடும்படி எவரேனும் மாணவியைத் தூண்டியதாக உங்களுக்குத் தெரியவந்ததா?

பேனாவை வைத்துவிட்டுத் தேநீர் போட எழுந்தேன். ஒரு ஆள் ஒரு கேள்வி கேட்டார். கேட்டதைத் தூண்டியதாகச் சொல்லலாமா என்று மேசையில் ஒரு செய்தி வந்திருந்தால் நான் அரை மணித்தியாலம் விவாதித்திருப்பேன், கடைசியில் சொல்லலாம் என்றுதான் முடிவெடுத்திருப்பேன். கார் வாசலில் நின்றிருக்கிறது. கோட்டு இருந்திருக்கிறது. ஆம் என்று எழுதினால் அது சரியான தகவல். உரும்பிராய்ப் பிள்ளையும் அவளுக்குப் பின்னால் வரும் பிள்ளைகளும் அந்த ஒரு சொல்லோடு நின்றுவிடுவார்கள். இரண்டு கோப்பை தேநீரோடு திரும்பி வந்து, இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஆசிரியை தாளை வாங்கி மேலிருந்து கீழே வாசித்தார். மூன்றாவது கேள்வியில் கண் சற்று நின்றது.

"நானும் அதுக்கு இல்லை எண்டுதான் போட்டனான்," என்றார்.

"நீங்கள் அப்ப என்னோடையெல்லோ போனிலை கதைச்சுக்கொண்டு நிண்டனீங்கள்."

"ஓம். மற்றக் காது சும்மாதானே இருந்தது."

தாளை மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. உறையின் ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, பசை காய்ந்துவிட்டது, வீட்டில் கம் இருக்கிறதா என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.